நடுத்தரக் கூண்டுக்கு ஓர் அரணை

“நடுத்தரக் கூண்டுன்னா எத்தனை பெருசுங்க?” என்று கேட்டான் திருமூர்த்தி.

டாக்டர் ஜெசிந்தா அறை மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். துணி தேய்க்கிற மேசை அளவு இருந்தது. உள்ளே மணல், ஓட்டுத் துண்டுகள், ஒரு வேர்க்கட்டை, சூட்டுக்கு ஒரு பல்பு.

“சின்னக் கூண்டுல வெச்சா அது எந்நேரமும் பயந்துக்கிட்டே இருக்கும், வால் வளராது. பெரிய கூண்டுல விட்டா எங்கேயாவது போய் ஒளிஞ்சுக்கும், நம்மால பயமுறுத்த முடியாது. அதனாலதான் நடுத்தரம். அதுக்கு இது தன்னோட வீடுன்னு தோணணும். ஆனா எந்த மூலைக்கும் நம்ம கை எட்டணும்.”

திருமூர்த்தி கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். மகள் மிதுலாவின் நோயை டாக்டர்கள் படம் போட்டு விளக்கியபோது அவனுக்குப் படம் தேவைப்படவில்லை. நரம்பின் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது என்றார்கள். எனாமல் போன செப்புக் கம்பி என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? மோட்டார் என்றால் பழைய கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றிவிடுவான். ஒன்பது வயதுப் பெண்ணை எங்கிருந்து அவிழ்ப்பது?

அதற்குத்தான் இந்தப் பிரிவு. ஆஸ்பத்திரி இதற்கு வைத்திருந்த பெயர் பலகையில் இரண்டு வரிக்கு ஓடியது. ஜனங்கள் பல்லி வார்டு என்று முடித்துவிட்டார்கள்.

“நீங்க எந்தப் பிராணியை எடுக்கறீங்களோ, அதுக்குள்ள உங்க பொண்ணோட செல்லை ஏத்திடுவோம்” என்றார் ஜெசிந்தா. “பயந்து வாலைப் போட்டுட்டு ஓடும் பாருங்க, அப்ப அந்தத் துடிக்கிற வாலுக்குள்ள ஒரு சுரப்பு ஊறும். போனது போகட்டும், மறுபடி முதல்லேருந்து கட்டுன்னு உடம்புக்குச் சொல்ற சுரப்பு. அதை எடுத்து உங்க பொண்ணுக்கு ஏத்தினா, கரைஞ்ச உறை மறுபடி வளரும். துடிப்பு அடங்கறதுக்குள்ள வாலை ஐஸ் பெட்டியில போட்டுக் கொண்டாந்துடணும்.”

“நாமளே அறுத்துட்டா?” என்று கேட்டாள் கோகிலவாணி. அவள் திருமூர்த்தியின் மனைவி. பேச்சில் சுற்றிவளைக்கத் தெரியாதவள்.

“அறுத்தா அது வெறும் காயம்மா. சுரப்பு வராது. அதுவா நம்பணும், இனி தப்பிக்க வேற வழியே இல்லைன்னு.”

“இங்கயே வெச்சுப் பண்ணிக் குடுத்தா என்னங்க?”

“பண்ணிப் பாத்தோம். இங்க வரிசையா கூண்டு. ஒண்ணு பயந்தா எல்லாம் பயப்படும். பயந்துட்டே இருக்கிறது செத்துப்போகும், இல்லேன்னா மரத்துப்போகும். பயப்படறதுக்கு முன்னாடி நிம்மதியா இருந்திருக்கணும். அந்த நிம்மதி வீட்டுலதான் வரும்.”

ஒரு வால் நான்கைந்து மாதம் தாங்கும் என்றார். அதற்குள் புது வால் முளைத்துவிடும். ஆனால் ஒருமுறை ஒரு பிராணியின் சுரப்பு ஏறிவிட்டால் குழந்தையின் உடம்பு அதை மட்டும்தான் ஏற்கும். வேறு பிராணிக்கு மாற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் யோசித்து எடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து, பின்னால் இருந்த கூண்டு அறைக்கு அவர்களைக் கூட்டிப்போனார்.

ஓணானும் உடும்பும் இந்த வேலைக்கு ஆகாது. வாலைப் பிடித்து இழுத்தாலும் விட்டுக்கொடுக்காத ஜாதி. மிச்சம் இரண்டுதான். ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த தடிவால் பல்லி, புள்ளி புள்ளியாக, அரைத்தூக்கத்தில் இருப்பது. மற்றது நம் ஊர் அரணை. வேலியோரம், செங்கல் அடுக்கில் எல்லாம் பார்க்கிறதே, அதுதான். எண்ணெய் தேய்த்துவிட்டது போன்ற பளபளப்பு.

“பல்லிதான் நல்லா பழக்கமானது, ரொம்ப வருசமா வெச்சிருக்கோம்” என்றார் ஜெசிந்தா. “ஒரே ஒரு கவனம். குழந்தையைக் கிட்ட விடாதீங்க. பாசம் வெச்சுட்டா அதுக்குப் பயம் விட்டுப்போகும். நல்லபடியா வெச்சா மூணு, நாலு வருசம் ஓட்டலாம். அதுக்குள்ள மாத்திரையே வந்துடலாம்.”

அந்த நேரம் பார்த்து, கூண்டுப் பல்லியல்ல, சுவரில் ஓடும் சாதாரணப் பல்லி ஒன்று ட்யூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து சொன்னது. கோகிலா சட்டென்று விரல் நுனியால் மேசையில் தட்டினாள். ஜெசிந்தாவும் தன்னையறியாமல் தட்டிவிட்டு, பேனாவை எடுப்பதுபோல் கையை நகர்த்திக்கொண்டார்.

“பல்லியே எடுத்துக்கலாங்க” என்றாள் கோகிலா. “அதே சொல்லுது பாருங்க.”

திருமூர்த்தி அரணைக் கூண்டின் முன்னால் நின்றிருந்தான். அவன் கவலை வேறு. பயமுறுத்தப்போகிறவன் அவன். கோழிக்கடையில் கூடக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஆள்.

“அரணைக்குத்தான் மறதி ஆச்சுங்களே, டாக்டரம்மா?” என்றான். “கடிக்கலாம்னு வருமாம், வந்ததும் எதுக்கு வந்தோம்னு மறந்துட்டுப் போயிருமாம். அப்படின்னா இன்னைக்குப் பயமுறுத்தினதும் நாளைக்கு அதுக்கு ஞாபகம் இருக்காது. பழகியும் போகாது. அதுக்கும் கஷ்டமில்லை, நமக்கும் பாவமில்லை.”

ஜெசிந்தா சிரித்தார். “எங்க வீட்டுல என்னையே அரணை புத்தின்னுதான் சொல்வாங்க. போற இடமெல்லாம் குடையை விட்டுட்டு வந்துடுவேன்.” கொஞ்சம் யோசித்தார். “நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. வால் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பல்லியைப் பற்றிய கையேடு வெளிநாட்டில் எழுதப்பட்டது. அரணையை இந்த ஊர்க்காரர்கள் போன வருஷம்தான் சேர்த்தார்கள். அதன் வாலை, ரத்தத்தை, செதிலை எல்லாம் கிழித்துப் பார்த்து எழுதினார்கள். அதன் ஞாபகத்தைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தை யாராவது சோதிப்பார்களா?

அரணை வீட்டுக்கு வந்தது.

மிதுலா அதற்குப் பாலீஷ் என்று பேர் வைத்தாள். அப்போது அவளால் கரண்டியைப் பிடிக்க முடியாது. சக்கர நாற்காலியைக் கூண்டோரம் தள்ளச் சொல்லி, நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“கிட்ட விட வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னாங்களே” என்றாள் கோகிலா.

“அது பல்லிக்குச் சொன்னது, புள்ள. இதுக்கென்ன, நாளைக்குக் காலைல இவ யாருன்னே மறந்துரும். பாவம், அவளுக்கும் வேற என்ன இருக்குது?”

தீபாவளி முடிந்த வாரத்தில் முதல் வால். ஜெசிந்தா சொல்லிக் கொடுத்தபடி திருமூர்த்தி கறுப்புத் துணியைக் கூண்டின் மேல் பருந்து நிழல்போல ஆட்டினான். அரணை ஓட்டுக்கு அடியில் பாய்ந்தது. ஓட்டைத் தூக்கினான். வேர்க்கட்டைக்கு ஓடியது. மூலையில் மடக்கி முதுகில் விரலை அழுத்தினான். அவன் கையில் ஓர் அதிர்வு, அவ்வளவுதான். அரணை எங்கோ போயிருந்தது. வால் மட்டும் மணலில் தனியாக, யாரோ கூப்பிட்டதுபோல, குதித்துக்கொண்டிருந்தது. கோகிலா அதை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போட்டாள். திருமூர்த்தி கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தான்.

கார்த்திகை தீபத்தன்று மிதுலா நின்றுகொண்டு விளக்கேற்றினாள்.

அதைப் பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். இவர்களுக்கும் மறந்தது. வீடு முழுக்கச் சிரிப்பாக இருந்தது. மிதுலா பள்ளிக்கூடம் போனாள், சண்டை போட்டாள், முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கூண்டைத் திறந்து புழுவை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். முதலில் தூர நின்று பார்த்த அரணை, பிறகு விரல் நுனிவரை வந்தது. மாசி மாதத்தில் கையில் ஏறியது. வயிற்றை அவள் உள்ளங்கைச் சூட்டில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடிப் படுத்துவிடும்.

“அப்பா, அரணைக்கு ஞாபகம் இருக்குதுப்பா. நான் செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டாலே வெளிய வந்துருது.”

“அது புழுவுக்கு வரும் கண்ணு” என்றான் திருமூர்த்தி. அப்போதாவது அவன் யோசித்திருக்கலாம்.

பங்குனியில் இரண்டாவது வால் விழுந்தது, கொஞ்சம் சிரமப்பட்டு. ஆடியில் மூன்றாவதற்கு அவன் கூண்டைத் திறந்தபோது அரணை ஓடவில்லை. கறுப்புத் துணியை ஆட்டினான். அது தலையைத் தூக்கித் துணியைப் பார்த்தது, பிறகு அவனைப் பார்த்தது. கையை விட்டான். அசையவில்லை. மூலைக்குத் தள்ளி முதுகில் அழுத்தினான். அரணை கண்ணை மூடிக்கொண்டது. சலூனில் முடி வெட்டிக்கொள்கிற ஆள் முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பானே, அப்படி இருந்தது.

ஜெசிந்தா அரணையை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார். திரும்ப வாங்கப்போனபோது அவர் முகம் சரியில்லை.

“வெள்ளைத் தட்டுல புழு, கறுப்புத் தட்டுல வெறும் மணல் வெச்சேன். ரெண்டே தடவையில புரிஞ்சுக்கிச்சு. இடத்தை மாத்தினேன், அதையும் புரிஞ்சுக்கிச்சு. நாலு நாள் கழிச்சு வெச்சா நேரா வெள்ளைத் தட்டுக்குப் போகுது.” மேசையையே பார்த்துக்கொண்டு சொன்னார். “அதுக்கு மறதியே இல்லை, திருமூர்த்தி. நீங்க பிடிச்சீங்க, விட்டுட்டீங்க. மறுபடி பிடிச்சீங்க, விட்டுட்டீங்க. இவர் ஒண்ணும் பண்ண மாட்டார்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“வேற எடுக்கலாமுங்களா?”

“முதல் நாளே சொன்னேன். இனி மாத்த முடியாது.” அரணையை அவனிடம் நீட்டிக்கொண்டே, “நானும் சோதிச்சுப் பாத்திருக்கணும். சின்ன வயசுலேருந்து கேட்டதுதானேன்னு விட்டுட்டேன்” என்றார்.

வெளியே வந்ததும் கோகிலா ஒரே ஒரு முறை சொன்னாள். “நான் அன்னைக்கே சொன்னேனுங்க, பல்லியே எடுக்கலாம்னு.” அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பயத்தில் புதிது தேட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பூனையை வாங்கி வந்து கூண்டுக்குள் தலையை விடச் செய்தான். வால் விழுந்தது. மிதுலாவுக்கு ஐப்பசி வரை ஓடியது. அடுத்த முறை பூனை வந்தபோது அரணை அதன் கழுத்துக் கயிற்றைப் பார்த்தது, கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தது, போய் வெயில் பல்புக்கு அடியில் படுத்துக்கொண்டது. பாம்புச் சட்டை கொண்டுவந்தான். டிரில் மெஷினைக் கண்ணாடியில் வைத்து ஓட்டினான். தண்ணீரில் அமுக்கிப் பிடித்தான். எல்லாவற்றிலும் அவன் கை இருந்தது. அந்தக் கையை அதற்குத் தெரியும்.

மார்கழியில் மிதுலாவின் கால் பின்ன ஆரம்பித்தது. சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு சுவரும் போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருமூர்த்தி பட்டறையிலிருந்து ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னை எடுத்து வந்தான். பிளக்கில் சொருகி, நுனி நன்றாகக் காயும்வரை காத்திருந்தான். அரணையை இடது கையில் பிடித்து நுனியை அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். செதில் சூடேறி வாசம் வந்தது. அரணை வாயைப் பிளந்து நெளிந்தது. வால் விழவில்லை. அவன் இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

“ஏனுங்க!” என்று கத்தினாள் கோகிலா. “உங்க மூஞ்சியைப் போய்க் கண்ணாடியில பாருங்க!”

அவன் பார்க்கவில்லை. மிதுலா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அரணையைக் கூண்டில் விட்டு, அயர்னைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வாசலில் எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். கோழிக்கடையில் கழுத்தைத் திருப்பிக்கொண்ட ஆள் எங்கே போனான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் மிதுலா கூப்பிட்டாள்.

“அப்பா, நீங்க என்ன பண்ணினாலும் அது பயப்படாதுப்பா. நீங்க பயமுறுத்திட்டு விட்டுருவீங்கன்னு அதுக்குத் தெரியும்.”

“ம்.”

“நான் அப்படிப் பண்ணுவேன்னு மட்டும் அது நினைக்கலை.”

திருமூர்த்திக்குப் புரிந்தது. இப்போது புதிதாகப் புரியவில்லை, ஐப்பசியிலேயே புரிந்துவிட்டது. பூனையை அரணை பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் துணியவில்லை.

“வேண்டாம் கண்ணு” என்றான். “அதெல்லாம் வேண்டாம். அப்பா வேற ஏதாவது பண்றேன்.”

மனசாரத்தான் சொன்னான். ஆனால் மறுநாள் காலை பட்டறைக்குக் கிளம்பும்முன் ஐஸ் பெட்டியில் ஐஸ் நிரப்பி, கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். கோகிலா அதைப் பார்த்தாள். எடுத்து உள்ளே வைக்கவில்லை.

பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. சுற்றிய காயிலையே திரும்ப அவிழ்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து போன் வந்ததும் எடுக்காமலே வண்டியைக் கிளப்பினான்.

மிதுலா தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலிலிருந்து அவளாகத்தான் ஊர்ந்து போயிருக்கிறாள். ஐஸ் பெட்டி மூடியிருந்தது. கோகிலா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றாள். அரணையைக் காணோம். ஓட்டுக்கு அடியில் இருந்திருக்கும்.

“புழுவைக் கையில வெச்சேன். வந்துச்சு. தின்னுட்டு வழக்கம்போலப் படுத்துச்சு.” மிதுலா அழாமல் சொன்னாள். “அப்ப கையை மூடிட்டேன். நல்லா இறுக்கி. முதல்ல அது விளையாட்டுன்னு நினைச்சுதுப்பா. சும்மாவே இருந்துச்சு. அப்புறம்தான்...”

அதற்கப்புறம் அழுதாள். திருமூர்த்தி அவளைக் கட்டிக்கொண்டான். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

“இத்தனை சுரப்பு நாங்க ஒரு வாலுலயும் பாத்ததில்லை” என்றார் ஜெசிந்தா. எப்படி விழுந்தது என்று அன்று அவர் கேட்கவில்லை.

அந்த மருந்து எட்டு மாதம் தாங்கியது. மிதுலா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விளையாட்டு விழாவில் ஓடி மூன்றாவதாக வந்தாள். மருதமலைப் படிகளைத் தானாகவே ஏறினாள். பார்க்கிறவர்கள் நோய் போய்விட்டது என்றார்கள். வீட்டில் மட்டும் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

ஏனென்றால் வால் முளைக்கவில்லை. முறிந்த இடம் கறுத்து மூடிக்கொண்டுவிட்டது. அரணை ஓட்டுக்கு அடியிலேயே கிடந்தது. மிதுலா பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், இருக்கிற இடத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளிப்போகும். தினமும் அவள் புழுவை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுவாள். யாரும் இல்லாதபோது அது தின்னும். கூண்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். புது மணல் போட்டார்கள். மிதுலா கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதனிடம் மன்னிப்புக் கேட்டாள், ஒருமுறையல்ல. அதற்கு மறதி இல்லை.

ஆவணியில் மிதுலாவின் கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு நழுவி விழுந்தது. மூவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கோகிலா துடைப்பத்தை எடுத்து வந்தாள்.

அரணையை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு திருமூர்த்தியும் மிதுலாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கோகிலா வரவில்லை. என்னால் அந்தக் கட்டடத்தைப் பார்க்க முடியாது என்றுவிட்டாள். ஜெசிந்தா அரணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் விட்டார்.

“இனி இதுக்கு வால் வராது. உடம்புல ஒண்ணும் குறையில்லை. நிம்மதி வந்தாத்தானே வளரும்?”

“வேற வழியே இல்லைங்களா?”

“இருந்தா மறைப்பேனா, திருமூர்த்தி?”

அவன் தலையாட்டினான். சொல்லப்போவது இதுதான் என்று தெரிந்தேதான் வந்திருந்தான்.

ஜெசிந்தா தன் நாற்காலியை இழுத்து மிதுலாவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். “கண்ணு, உங்கிட்ட ஒண்ணு கேக்கலாமா? அது உன் கைக்கு வர எத்தனை நாள் ஆச்சு? நீ தினம் என்ன பண்ணுவே?”

மிதுலா சொன்னாள். செருப்புச் சத்தம், உள்ளங்கை, புழு, கண்ணை மூடிப் படுத்துக்கொள்வது எல்லாம் சொன்னாள். கையை மூடியதையும் சொன்னாள். ஜெசிந்தா ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

“எதுக்கு டாக்டரம்மா கேக்கறீங்க?” என்றான் திருமூர்த்தி.

“பத்துப் பதினஞ்சு குழந்தைங்க காத்திருக்காங்க. சில பேருக்கு நோய் வேகமா போகுது, நாலு மாசத்துக்கு ஒரு வாலெல்லாம் அவங்களுக்குப் பத்தாது. உங்க பொண்ணு பண்ணின மாதிரி வந்தா ஒரு பிராணிக்கு ஒருதடவைதான் கிடைக்கும். ஆனா எட்டு மாசம். எட்டு மாசத்துல ஒரு குழந்தை என்னென்ன பாக்கும்னு உங்களுக்கே தெரியும்.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இனிமேல் குழந்தையைக் கிட்ட விடாதீங்கன்னு சொல்லப்போறதில்லை. நல்லாப் பழகட்டும்னு சொல்லப்போறோம்.”

“அந்தப் பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிருவீங்களா?” என்று மிதுலா கேட்டாள்.

“என்னன்னு?”

“கடைசியில கையை மூடணும்னு.”

ஜெசிந்தா அரணைப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தார். “சொல்லிட்டா அவங்களால உன்னை மாதிரிப் பழக முடியாது கண்ணு” என்றார். “பழகலைன்னா அதுவும் நம்பாது.”

மிதுலா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அரணையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்களேன் என்று ஜெசிந்தா சொன்னதற்கு, வேண்டாம், வீட்டுக்கே வரட்டும் என்றாள்.

மிதுலாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூண்டு அறையைக் கடக்கும்போது உள்ளே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள். பல்லடம் பக்கத்துக்காரர்கள் போல. பெண்ணின் இடுப்பில் நான்கு வயதுக் குழந்தை. கால் இரண்டும் துணி பொம்மைக் கால் மாதிரி தொங்கின. அவர்கள் மிதுலாவின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார்கள்.

“ஏனுங்கண்ணா, நீங்க ஏற்கெனவே வெச்சிருக்கறீங்களாட்டக்குது” என்று அந்த ஆள் கிட்டே வந்தான். “பல்லியா, அரணையா, எதை எடுக்கறதுன்னே புரியலீங்க. நடுத்தரக் கூண்டுக்கு ரெண்டுமே ஆகும்கறாங்க. எதுங்க நல்லது?”

அந்தக் குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்தபடியே கண்ணாடியைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு குட்டி அரணை அதன் விரல் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது.

திருமூர்த்திக்குச் சொல்ல நிறைய இருந்தது. சால்டரிங் அயர்னைச் சொல்லலாம். ஐஸ் நிரப்பி வைத்துவிட்டுப் போனதைச் சொல்லலாம். எதையும் எடுக்காதீர்கள், அப்படியே வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லலாம். அந்தக் குழந்தையின் கால்களைப் பார்த்தான்.

“பாப்பா எதைப் பாத்துச் சிரிக்குதோ, அதை எடுத்துக்குங்க” என்றான்.

“அதுகூட விளையாட உடலாமுங்களா?”

“உடுங்க. நல்லா உடுங்க.”

குழந்தை மிதுலாவைப் பார்த்து, “அக்கா, கடிக்குமா?” என்றது.

“கடிக்காது” என்றாள் மிதுலா. “கையில வயித்தை வெச்சுட்டுப் படுத்துக்கும். சூடா இருக்கும்.”

வாசலில் வெயில் கொளுத்தியது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ஆட்டோ, முன் திரையில் அவர்கள் பேரைக் காட்டிக்கொண்டு நின்றது. திருமூர்த்தி நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்தினான்.

“நீங்க அவங்ககிட்டச் சொல்லலையேப்பா” என்றாள் மிதுலா.

“நீயும் சொல்லலையே கண்ணு.”

“அந்தப் பாப்பா நடக்கணுமில்ல?”

திருமூர்த்தி குனிந்தான். அவள் பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறுகையை அவன் கழுத்தில் போட முயன்றாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவனே அதை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தான்.